பருத்திப் பூவும் டெய்லர் குருவியும்

பூ உசத்தியா, குருவி உசத்தியா?

சிரிக்காதீர்கள். போன வாரம் முழுக்க எங்கள் பனியன் கம்பெனியில் நாற்பது பேரும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். டீ குடிக்கும்போது பூ. சோற்றுப் போசியைத் திறக்கும்போது குருவி. ஒருநாள் குருவி கட்சிக்காரர் ஒருவர் பூ கட்சிக்காரருக்கு ஊறுகாய் தர மறுத்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பூ கட்சி. கட்சி என்ன கட்சி... வக்கீலே நான்தான்!

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் தூக்கிவாரிப் போட்டிருக்கும். 'இவனா? பஸ்ஸில் டிக்கெட் கேட்கக் கூச்சப்பட்டு நடந்தே ஊருக்குப் போனவன் ஆயிற்றே! இவனா வாயைத் திறந்தான்?'

திறந்தேன். நாற்பது பேர் முன்னால் திறந்தேன். எப்படித் திறந்தேன் என்பதை எழுத உட்கார்ந்தால் எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. பயத்தில் இல்லை. சந்தோஷத்தில்!

ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

எங்கள் கம்பெனிக்கு முதலாளிகள் இரண்டு பேர். பெரிய முதலாளி சாமளாபுரம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். பருத்தி விதைத்து, பருத்தி எடுத்து, பருத்தியோடேயே வளர்ந்தவர். சின்ன முதலாளி அவர் மனைவியின் தம்பி. மெஷின் பிரியர். ஒரு மெஷின் முனகினால், எந்த ஸ்குரூ என்று இங்கிருந்தே சொல்வார்.

இதுவரை அடுத்தவர்களுக்குத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இந்த ஆயுத பூஜையோடு சொந்த மார்க் போடுவது என்று முடிவு. மார்க் என்றால் பனியன் பெட்டி மேல் ஒட்டுகிற படம். கடைக்குப் போகிறவர் கம்பெனிப் பெயரையா ஞாபகம் வைத்துக்கொள்கிறார்? 'அந்த யானைப் படம் போட்டதைக் குடுங்க' என்றுதானே கேட்கிறார்?

யானையை யாரோ எடுத்துவிட்டார்கள். புலி போயாச்சு. மயில், கிளி, மான்... ஒரு காட்டில் இருக்க வேண்டிய அத்தனையும் திருப்பூர்ப் பனியன் பெட்டிகள் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. எங்களுக்கு என்ன மிச்சம்?

பெரிய முதலாளி யோசிக்கவே இல்லை. "பருத்திப் பூ போட்டுறலாம். பருத்தி இல்லாட்டிப் பனியன் ஏது மாப்ள?"

"தைக்காட்டி அது வெறும் பஞ்சுங்க மச்சா. தலகாணிக்குள்ள அடைக்கலாம், மேல போட முடியுமா? தையல்சிட்டு போடுங்க. நம்ம ஆளுங்க அது. டெய்லர் குருவி!"

இரண்டுமே எங்கள் கம்பெனி வாசலில்தான் இருக்கின்றன என்பது இதில் ஒரு வேடிக்கை. அதுவும் ஒரே செடியில்!

பெரிய முதலாளியின் தோட்டத்து வண்டியிலிருந்து எப்போதோ சிந்திய விதை, தண்ணீர்த் தொட்டி ஓரம் முளைத்து, ஜன்னலை எட்டுகிற உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. பருத்திச் செடியை யாரும் இத்தனை நாள் விட்டுவைக்க மாட்டார்கள். இதைப் பிடுங்க யாருக்கும் மனசு வரவில்லை. அந்தச் செடியின் இரண்டு இலைகளை ஒட்டித் தைத்து ஒரு தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது.

கண்டுபிடித்தவர் தெய்வானை.

தெய்வானையைப் பற்றி நான் இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதியதில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். எழுதினால் வேறு எதைப் பற்றியும் எழுத முடியாமல் போய்விடும் என்ற பயம்தான்.

எங்கள் கம்பெனியில் பிசிறு வெட்டுவது, மடிப்பது, பெட்டியில் அடுக்குவது எல்லாம் ஜன்னலோர மேஜையில் நடக்கும். அந்த மேஜைக்கு தெய்வானைதான் தலைவி. முப்பத்தாறு வயது. தாய் தகப்பன் இல்லாமல் இரண்டு தம்பிகளைப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்துவிட்டு, தனக்கு என்ன என்று யாராவது கேட்டால் சிரித்தே சமாளித்துவிடுபவர். ஆள் சின்ன ஆள். குரல்? தொட்டி ஓரத்திலிருந்து கூப்பிட்டால் ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும்.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. ஓவர்லாக் டெய்லர், அதாவது பனியனுக்கு ஓரம் அடிக்கிறவன். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒரு தடவை பெண் பார்க்கப் போனேன். போய், தலையைக் குனிந்து, டம்ளரையே பார்த்துவிட்டு வந்தேன். "பொண்ணு எப்படிப்பா?" என்று கேட்டார்கள். "காபி நல்லா இருந்துச்சுங்க" என்றேன். அதோடு என்னை யாரும் எங்கும் கூட்டிப் போகவில்லை.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்கள் எல்லாரும் அண்ணன்கள். கட்டிங் அண்ணன், பிட்டர் அண்ணன், மூட்டை தூக்குகிற அண்ணன். தெய்வானையும் எல்லாரையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். என்னை மட்டும் — கவனியுங்கள் — என்னை மட்டும் 'ஏனுங்க' என்பார்.

"ஏனுங்க, இந்தப் பீஸுல தையல் உட்டுப்போச்சுங்க."

அவ்வளவுதான். அந்த ஒரு 'ஏனுங்க'வை வைத்துக்கொண்டு ஆறு வருடம் ஓட்டிவிட்டேன்.

சரி, குருவிக்கு வருகிறேன்.

ஓவர்லாக் பக்கத்துக் கூடையில் நூல் பிசிறுகள் குறைந்துகொண்டே வந்தன. சூப்பர்வைசர் என்னைத்தான் முறைத்தார். கூடை என் காலடியில் அல்லவா இருக்கிறது? ஒருநாள் டீ நேரத்தில் தெய்வானை ஜன்னலிலிருந்து கத்தினார்.

"ஏனுங்க! திருடனப் புடிச்சாச்சுங்க! இங்க வந்து பாருங்க!"

போய்ப் பார்த்தேன். இரண்டு பருத்தி இலைகள். ஓரங்களில் ஊசி குத்தினாற்போலத் துளைகள். துளைக்குத் துளை எங்கள் கம்பெனி நூல்! தொழில்காரன் கண்ணல்லவா... தையலைத்தான் முதலில் பார்த்தேன். முடிச்சே இல்லை. நூலை உள்ளே இழுத்து, வெளியே நிற்கிற நுனியைப் பஞ்சாகப் பிரித்துவிட்டிருக்கிறது. பிரிந்த பஞ்சு துளையை அடைத்துக்கொள்கிறது. இழுத்தாலும் வராது. இருபது வருட டெய்லர் நான்... கையெடுத்துக் கும்பிட்டேன். உள்ளே மெத்தென்று பஞ்சு விரித்து மூன்று முட்டைகள்.

அப்போது அந்தக் குருவி அம்மாள் வந்துவிட்டாள். கட்டைவிரல் அளவு உடம்பு. நெற்றியில் செம்மண் பூசினாற்போல ஒரு நிறம். வயிறு சலவைப் பனியன் வெள்ளை. வாலை நட்டமாக நிமிர்த்திக்கொண்டு, "டுவீட்! டுவீட்! டுவீட்!" என்று என்னைத் திட்டினாளே ஒரு திட்டு! அவ்வளவு சின்னத் தொண்டையில் அவ்வளவு பெரிய சத்தத்தை யார் தைத்து வைத்தது?

இது யாரையோ ஞாபகப்படுத்துகிறதே என்று நினைத்தேன். நினைத்துவிட்டுத் திரும்பினேன். தெய்வானை பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நான் மெஷினுக்கு ஓடிவிட்டேன்.

குருவி கட்சிக்கு ஆள் சேர்ந்தது இப்படித்தான். பூ கட்சிக்கு மானம் போனது பெயிண்டர் ரங்கனால்.

திங்கட்கிழமை காலை ரங்கன் வந்து செடி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அன்று மலர்ந்த பூவைப் பார்த்து, பால் ஏடு நிறத்தில் ஐந்து இதழையும் அழகாக எழுதினார். பெரிய முதலாளிக்கு வாயெல்லாம் பல். மறுநாள் மிச்சத்தை முடிக்க வந்தவர், செடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பூ ரோஸ் நிறத்தில் இருந்தது!

"ஆருங்க பூவ மாத்துனது?"

"ஆரும் மாத்தல ரங்கா. பருத்திப் பூ அப்படித்தான். மொத நா வெள்ளை, மக்கா நா செவக்கும்" என்றார் பெரிய முதலாளி.

"மொதல்லயே சொல்றதில்லீங்களா?" முணுமுணுத்துக்கொண்டே வெள்ளையை அழித்து, ரோஸ் கலந்தார். கலந்த ரோஸ் பிடிக்கவில்லை. இன்னொன்று கலந்தார். அதற்குள் பூ இன்னும் கொஞ்சம் சிவந்துவிட்டது. புதன்கிழமை வந்தார். பூவே இல்லை. கீழே சுருண்டு கிடந்தது.

"முப்பது வருசமாப் படம் எழுதறனுங்க. மொதலாளிமாருங்க பேச்சு மாத்துவாங்க, தெரியும். ஒரு பூவு பேச்சு மாத்தி இப்பத்தான் பாக்கறேன்."

"குருவிய எழுதுங்க ரங்கா" என்றார் சின்ன முதலாளி, காத்திருந்தவர் போல.

"அதா? அது வாலை எழுதும்போது தலைய ஆட்டுது. தலைய எழுதும்போது பறந்தே போயிருதுங்க. நீங்க ரெண்டு பேரும் பேசாம ஒரு செம்பு, ஒரு குத்துவிளக்கு, அந்த மாதிரி எதாச்சும் வெச்சுக்கக் கூடாதுங்களா?"

வைத்துக்கொள்வார்களா? மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் மானப் பிரச்னை ஆகிவிட்டது. கடைசியில் பெரிய முதலாளி ஒரு தீர்ப்புச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. பூஜை முடிந்ததும் பூவுக்கு ஒருத்தர், குருவிக்கு ஒருத்தர் பேச வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு, எது பனியனுக்குப் பொருத்தம் என்று சொல்ல வேண்டும். யாருக்குக் கைதட்டல் அதிகமோ அதுதான் மார்க்.

"குருவிக்கு நானுங்க!" தெய்வானை கையைத் தூக்கிவிட்டார்.

"பூவுக்கு ஆரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அட, நம்ம ராசுதான் பத்திரிகைல எழுதறவனாச்சே! என்னப்பா ராசு, பேசறயா?" என்றார் பெரிய முதலாளி.

இல்லீங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாங்க" என்று வந்தது. இது எங்கள் ஊர்க் கோளாறு. பெரியவர்கள் எதைக் கேட்டாலும் வாய் தானாக ஆமாங்க என்றுவிடும். புத்தி பிறகுதான் வந்து சேரும்.

அன்று டீ நேரத்தில் இன்னொரு இடி.

தெய்வானை பக்கத்து மேஜை மாராத்தாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாராத்தாள் ஒரு முழத் தூரத்தில் இருக்கிறார். ஆனால் தெய்வானை எங்கோ ரயில்வே கேட்டில் நிற்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"வர்ற ஞாயித்துக்கெழம என்னையப் பாக்க வர்றாங்களாம் அக்கா. தாராபுரத்துக்காரரு. அரிசி மண்டி வெச்சிருக்காரு. என்ற தம்பிக்குப் புடிச்சுப்போச்சு. நானும் எத்தன நாளைக்குத்தான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லீட்டு இருக்கறது? ஞாயித்துக்கெழம சரின்னு சொல்லீரலாம்னு இருக்கறேன்."

டீ என் மூக்கில் ஏறியது.

மாராத்தாள் என்னைப் பார்த்தார். தெய்வானை பார்க்கவில்லை. பனியனை நாலாக மடித்தார். பிரித்தார். மறுபடி நாலாக மடித்தார்.

புதன்கிழமை இது. நடுவில் மூன்றே நாள். எனக்கோ ஆறு வருடம் போதவில்லை!

இங்கே எங்கள் பவர் டேபிளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீளமான மேஜை. இரண்டு பக்கமும் தையல் மெஷின்கள். மேஜைக்கு அடியில் ஓர் இரும்புத் தண்டு. அதைச் சுழற்ற ஒரு மோட்டார். தண்டிலிருந்து மெஷினுக்கு மெஷின் பெல்ட். மோட்டாரைப் போட்டதும் வருகிற சத்தம் இருக்கிறதே, பக்கத்தில் இடியே விழுந்தாலும் எதிரொலி என்று நினைத்துக்கொள்வோம். அதனால் நாங்கள் வேலை நேரத்தில் குரலை வீணாக்குவதில்லை. நூல் தீர்ந்தது, கத்தரி கொடு, சூப்பர்வைசர் வருகிறார் — எல்லாம் வெறும் உதட்டசைவுதான். எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். ஆறு மாதம் வேலை செய்தால் யாருக்கும் வந்துவிடுகிற வித்தை.

அந்தச் சத்தத்துக்குள் எனக்கு ஒரு ரகசியம் உண்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மோட்டார் ஓடும்போது நான் பேசுவேன்!

சத்தமாகவே பேசுவேன். யாருக்குக் கேட்கப்போகிறது? மோட்டார் ஓடும்போது என்னைப் போலப் பேச்சாளன் திருப்பூரிலேயே கிடையாது. இந்தப் பக்கத்தில் நான் எழுதியது எல்லாம் அங்கே முதலில் பேசியதுதான். அப்புறம்... தெய்வானையிடமும் பேசுவேன். எதிரே ஜன்னலோரம் அவர் மடித்துக்கொண்டிருப்பார். இங்கே நான் தைத்துக்கொண்டே, "தெய்வானை, இன்னைக்கு அந்த மஞ்சச் சீலை நல்லா இருக்குதுங்க" என்பேன். "காலைல ரசம் வெச்சனுங்க, உப்பு ஜாஸ்தியாப்போச்சு" என்பேன். ஆறு வருடத்தில் அவரிடம் நான் சொல்லாத சேதி கிடையாது. அவருக்குக் கேட்காது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை. பூஜைக்கு முந்தின நாள். மோட்டார் ஓடுகிறது. மறுநாள் பேச்சுக்கு ஒத்திகை பார்க்கிறேன்.

"பெரியோர்களே... பூவையும் குருவியையும் ஒப்பிடச் சொன்னாங்க. ஒப்பிட்டுப் பாத்தனுங்க. குருவி ஒரு நிமிசம் உக்காராது. பூ உக்காந்த எடத்தை விட்டு அசையாது. குருவி மனசுல பட்டத உடனே சொல்லிப்போடும். பூவுக்குத் தொண்டையே கிடையாது. குருவி காத்தால சூரியனுக்கு முன்னாடி எந்திரிக்கும். பூவு வெயில் வந்து தட்டுனாத்தான் கண்ணத் தொறக்கும். குருவி தன் ஊட்டத் தானே தைச்சுக்கும். பூவு ஆராவது வந்து பறிச்சு, அரைச்சு, நூத்துக் குடுத்தாத்தான் உண்டு..."

பூ கட்சி வக்கீல் பேசுகிற பேச்சா இது? குருவி பக்கமாகவே சாய்கிறதே! இழுத்துப் பிடித்தேன்.

"ஆனா பூவுக்கு ஒரு கொணம் உண்டுங்க. மனசுல ஒண்ணு இருந்தா மொத நா வெளிய காட்டாது. வெள்ளையா, ஒண்ணுமே இல்லாத மாதிரி நிக்கும். ராத்திரியெல்லாம் நெனச்சு நெனச்சு மக்கா நாத்தான் செவக்கும். மூணா நாள் உழுந்துரும். அதுக்குள்ள சொல்லலீன்னா அப்பறம் சொல்லவே முடியாது. நானும் அப்படித்தானுங்க தெய்வானை..."

அந்த இடத்தில் மோட்டார் நின்றது. கரண்ட் போய்விட்டது.

மோட்டார் நின்றது. என் வாய் நிற்கவில்லை. ஓடுகிற மெஷினிலிருந்து காலை எடுத்தாலும் ஊசி நாலு தையல் போட்டுவிட்டுத்தானே நிற்கும்? அப்படி...

"...ஆறு வருசமா உங்களக் கட்டிக்கோணும்னு ஆசையா இருக்குதுங்க!"

ஹால் முழுக்கக் கேட்டது. ரயில்வே கேட்டிலும் கேட்டிருக்கும்.

நாற்பது பேர். ஒரு கத்தரி சத்தம் இல்லை. பெல்ட்டுகள் மெதுவாக ஆடி நின்றன. பெரிய முதலாளி கணக்கு மேஜையில் பேனாவைத் தூக்கியபடி இருந்தார். ஜன்னலுக்கு வெளியே ரங்கன், கையில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். செடியில் அந்தக் குருவி மட்டும், "டுவீட்! டுவீட்!"

எனக்கு இரண்டே யோசனை. ஒன்று, மேஜைக்கு அடியில் புகுந்துகொள்வது. இன்னொன்று, ஈரோட்டுக்கு ரயில் எப்போது?

தெய்வானை பனியனைக் கீழே வைத்தார். நிமிர்ந்தார்.

"ஏனுங்க... கரண்டு வர்றதுக்குள்ள மீதியையும் சொல்லிப்போடுங்க."

"மீ... மீதியா?"

"ஆமாங்க. முன்னாடி பாதியத்தான் ஆறு வருசமாப் பாத்துக்கிட்டு இருக்கறனே. மஞ்சச் சீலை, ரசத்துல உப்பு, எல்லாந் தெரியும். கடைசி வார்த்தைக்கு மட்டும் மொகத்தக் குனிஞ்சுக்கறீங்க. ஒதடு தெரியறதில்ல!"

உதடு!

வாசகர்களே, நானும் அதே வித்தையைத் தெரிந்தவன்தான். இருபது வருடமாக எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே நூல் கொடுத்தும் வாங்கியும் வருகிறவன். காது கேட்காத இடத்தில் கண் கேட்கும் என்பது, என்னையே மற்றவர்கள் பார்க்கும்போது மட்டும் எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று? இப்படி ஒரு முட்டாளை வேறு எந்த ஊரில் பார்த்திருக்கிறீர்கள்?

"அப்ப... தெரியுங்களா?"

"தெரிஞ்சா மட்டும்? பொம்பள நான் எந்திரிச்சு வந்து சொல்ல முடியுமா? சத்தமா நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன். தாராபுரத்துக்காரரு வர்றத, பக்கத்துல உக்காந்திருக்கற அக்காகிட்ட நான் எதுக்குங்க அப்படிக் கத்திச் சொன்னேன்? அக்காவுக்கென்ன காது செவுடா?"

"எனக்குத்தான் அன்னைக்குச் செவுடாப்போச்சு" என்றார் மாராத்தாள்.

ஹாலில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.

"ஏப்பா ராசு!" பெரிய முதலாளி குரல். "கரண்டு வந்துரும். சீக்கிரம் சொல்லு சாமி!"

எழுந்து நின்றேன். நான் சொல்ல நினைத்தது நிறைய. வந்தது இவ்வளவுதான்.

"ஞாயித்துக்கெழம... அவருக்குப் பதிலா நான் வர்றனுங்க."

தெய்வானை கீழே வைத்த பனியனை மறுபடி எடுத்தார். மடித்தார். இந்தத் தடவை கோணலாக.

"வாங்க" என்றார். ஆறு வருடத்தில் அவர் மெதுவாகப் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது.

அந்த நொடியில் கரண்ட் வந்தது! மோட்டார் உறுமியது. நாற்பது பேரும் வாய்விட்டுக் கத்துகிறார்கள், கைதட்டுகிறார்கள், ஒருவர் மடித்த பனியன்களை மேலே வீசுகிறார். ஒரு சத்தமும் கேட்கவில்லை. வெறும் நாற்பது வாய்கள் திறந்து திறந்து மூடுகின்றன. எனக்கென்ன, கவலை இல்லை. நாற்பது உதட்டையும் படித்துவிட்டேன். கட்டிங் அண்ணன் சொன்னதை மட்டும் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

சாயங்காலம் பெரிய முதலாளி என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். "கூட்டம் வேறதானே?" எங்கள் பக்கம் ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கிடையாது. "வேறதானுங்க" என்றேன். "எப்பத் தெரியும்?" "ஆறு வருசத்துக்கு முன்னாடியே விசாரிச்சுட்டனுங்க." "அட கள்ளா!" என்றார். அன்று இரவே தெய்வானையின் தம்பியிடம் போய்ப் பேசியும் விட்டார். தம்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "வாயத் தொறந்து கேட்டாருங்களா? அவரா?!"

வெள்ளிக்கிழமை பூஜை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். மோட்டாருக்கு நான் என் சொந்தச் செலவில் தனியாக ஒரு மாலை போட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் பேச்சு. தெய்வானை குருவிக்காகப் பேசினார். பேச்சா அது? ஊசி குத்துவதுபோல ஒவ்வொரு வார்த்தையும்! "இலையும் நம்முளுது இல்ல, நூலும் நம்முளுது இல்லன்னு அது உக்காந்து அழுகலீங்க. கெடச்சத ஒண்ணாச் சேத்துத் தச்சு ஊடாக்கிப்போட்டுது. நாம இத்தன பேரும் பண்றது அதையேதானுங்க?" கைதட்டல் கூரை ஓட்டைப் பிய்த்தது. சின்ன முதலாளி விசில் அடித்தார்.

அடுத்து நான். எழுந்தேன். கரண்ட் இருந்தது, மோட்டார் ஓடவில்லை. பார்த்தீர்களா, அதுதான் வம்பு.

"பூவு... ஒண்ணும் பேசாதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

குருவி ஜெயித்தது. கட்சிக்காரரைத் தோற்கடித்துவிட்டு இவ்வளவு சந்தோஷமாகத் திரும்பி வந்த வக்கீல் உலகத்திலேயே நான் ஒருவன்தான். பெரிய முதலாளி என்னைக் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். "போப்பா, கட்சி மாறுனவன் நீ" என்று ஒரு கைப்பிடி பொரியை என் மடியில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்துக்காரருக்கு வர வேண்டாம் என்று சேதி போயிற்று. நான் போனேன். காபி கொடுத்தார்கள். இந்தத் தடவை டம்ளரைப் பார்க்கவே இல்லை. காபி ஆறி, ஏடு கட்டிவிட்டது. நன்றாக இருந்ததா என்று கேட்டால் தெரியாது. தை மாதம் கல்யாணம்.

எனக்கு இப்போது ஒன்று தோன்றுகிறது. கூச்சக்காரர்கள் எல்லாரிடமும் ஒரு மோட்டார் இருக்கிறது. ஒருவர் வேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். இன்னொருவர் கிண்டலுக்குப் பின்னால். எனக்குப் பவர் டேபிள், அப்புறம் இந்தப் பத்தி. நாம் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை என்று தைரியமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். எதிரே ஒருவர் நம் உதட்டையே பார்த்துக்கொண்டு, வேலையை நிறுத்தாமல் மடித்துக்கொண்டிருக்கிறார். நீங்களும் எதற்கும் ஒரு தடவை நிமிர்ந்து பாருங்களேன்!

நேற்று ரங்கன் படத்தை முடித்துக் கொண்டுவந்தார். நடுவில் வாலை நிமிர்த்திய தையல்சிட்டு, வாயைத் திறந்தபடி. அது எப்படி ஒரு நிமிடம் அசையாமல் நின்றது என்று கேட்டேன். "வியாழக்கெழம எல்லாரும் மூச்சுப் புடிச்சு நின்னீங்களே, அப்ப அதுவும் நின்னுதுங்க" என்றார்.

படத்தின் கீழ் மூலையில், யாரும் கேட்காமலே, சின்னதாக ஒரு பருத்திப் பூ. இரண்டாம் நாள் பூ. அந்த ரோஸ் நிறம் அப்படியே உயிரோடு இருந்தது. அன்று அத்தனை கலந்தும் வராத நிறம்!

"இந்தக் கலரு கடைசில எந்தப் பூவுலீங்க கெடச்சுது ரங்கா?"

"பூவுலயா? கரண்டு போனப்ப உங்க காதுலீங்க."